தொழில், டியூஷன், அன்பியம், குழுக் கூட்டம்: குடும்பத்துக்கு எப்போ நேரம்னு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்க கேள்விய நிதானமா படிச்சேன். படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல, அதனால சுருக்கமா சொல்லிடுறேன். வீட்டுக்காரர் விசைப்படகுல தொழிலுக்குப் போறாரு, நீங்க பகல்ல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல டீச்சர், சாயங்காலம் வீட்டுல டியூஷன், மூத்தவ பத்தாவது, சின்னவன் ஆறாவது. ஞாயித்துக்கிழமை கூட மூத்தவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ், உங்களுக்கு பாடகர் குழு, அன்பியம் (பங்குல பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்க கூடி ஜெபிக்கிற குழு), மகளிர் குழு, நடுவுல யார் வீட்டு விசேஷமாவது. "நாலு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கோம், ஒன்னா உக்காந்து சாப்பிட்டு எத்தன நாளாச்சுன்னே தெரியல, ஜெபமாலை எப்பவோ விட்டுப் போச்சு, இது பாவமாக்கா, பாவம்னா நான் எத விடுறது"ன்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல அந்தப் பாவம் கேள்வி. உழைக்கிறது பாவம் இல்ல, அத மனசுல இருந்து எடுத்துப் போடுங்க. நாசரேத்துல தச்சு வேலை பார்த்து வளந்தவர்தான் நம்ம ஆண்டவர். ஆனா ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. தலையான பாவங்கள் ஏழுல சோம்பல் ஒன்னுன்னு மறைக்கல்வி வகுப்புல படிச்சிருப்போம், வேலை செய்யாம படுத்துக் கெடக்கிறதுதான் சோம்பல்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். 13ஆம் நூற்றாண்டுல புனித தாமஸ் அக்குவினாஸ் இந்தப் பாவத்தப் பத்தி எழுதும்போது, இது எந்தக் கட்டளைக்கு எதிரானதுன்னு பார்த்து, ஓய்வுநாள் கட்டளைக்கு எதிரானதுன்னு சொல்றாரு. மனுஷ மனசு கடவுள்கிட்ட இளைப்பாறணும், அந்த இளைப்பாறுதல்ல சந்தோஷமே வராம, அது ஒரு பாரம் மாதிரி தெரிஞ்சு விலகிப் போறதுதான் அந்தப் பாவத்தோட வேர். அப்படிப் பார்த்தா விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு ராத்திரி பதினொன்னு வரைக்கும் ஓடுற ஆளுக்கும் அது இருக்கலாம், சும்மா உக்காந்தா மனசு கேக்குற கேள்விய தாங்க முடியாம ஓடிக்கிட்டே இருக்கிறவங்கள நான் நிறைய பார்த்திருக்கேன். நீங்க அந்த மாதிரி இல்ல, ஏன்னா ஜெபமாலை விட்டுப் போனது உங்களுக்கு வலிக்குது. வலி இருக்கிற வரைக்கும் பயம் இல்ல.

இப்போ எத விடுறதுங்கறதுக்கு வர்றதுக்கு முன்னாடி, உங்கள யார் ஓட வைக்கிறதுன்னு பார்க்கணும். இத பாக்காம டைம் டேபிள் போட்டா ஒரு வாரம் கூட தாங்காது.

பைபிள்ல விடுதலைப் பயணம் அஞ்சாம் அதிகாரத்த எடுத்துப் படிங்க. எகிப்துல செங்கல் அறுக்குற ஜனங்க, நாங்க போய் எங்க கடவுளுக்கு பலி செலுத்தணும், விடுங்கன்னு மோசே மூலமா கேக்குறாங்க. பார்வோன் என்ன செய்றான்? இனிமே வைக்கோல் தர மாட்டேன், நீங்களே போய் பொறுக்கிக்கோங்க, ஆனா செங்கல் எண்ணிக்கை ஒன்னு கூட குறையக் கூடாதுங்குறான். அதுக்கு அவன் சொல்ற காரணத்த கவனிங்க, "நீங்க சோம்பேறிங்க, அதனாலதான் கும்பிடப் போறோம்னு கேக்குறீங்க". கும்பிடறதுக்கு நேரம் கேட்டா சோம்பேறிப் பட்டம். இந்த ஜனங்கள கடல் தாண்டி கூட்டிட்டு வந்த பெறகுதான் சாமி ஓய்வுநாள் கட்டளைய குடுக்குறாரு, இணைச்சட்டம் அஞ்சுல அதுக்கு காரணமும் சொல்றாரு, நீ எகிப்துல அடிமையா இருந்தத நினைச்சுக்கோ, உன்னோட வேலைக்காரன் வேலைக்காரியும் உன்ன மாதிரியே ஓய்வெடுக்கணும், மாடு கழுதையும் ஓய்வெடுக்கணும்னு. அப்போ ஓய்வுங்கறது வசதி உள்ளவங்களுக்கான சலுகை இல்ல, அடிமையா இருந்து வெளிய வந்தவங்களுக்கு குடுத்த உரிமை. நம்ம கடற்கரையில இத யாருமே இப்படிச் சொல்லிக் குடுக்கலன்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

நம்ம வீடுகள்ல பார்வோன் எந்த ரூபத்துல வர்றான்னா, பெரும்பாலும் கடன் ரூபத்துலதான். நகரத்து மேடைகள்ல பிஸியா இருக்கிறதப் பத்தி பேசுறவங்க போன குறை, ஆபீஸ் வேலை குறைன்னு சொல்லுவாங்க, நம்ம பக்கம் அது பாதி கூட உண்மை இல்ல. மகளிர் குழு லோன் வாரத் தவணை, அடகு வச்ச நகைக்கு வட்டி, ஸ்கூல் ஃபீஸ், போட்டு ரிப்பேருக்கு வாங்குன முன்பணம். நீங்க சாயங்கால டியூஷன் ஆரம்பிச்சது கூட எதாவது ஒரு தவணை கட்டறதுக்காகத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். வயித்துக்காக ஓடுற ஓட்டத்துக்கு யாரும் உங்கள குத்தம் சொல்ல முடியாது, நான் சொல்லவும் மாட்டேன். ஆனா அந்தக் கடன்ல எந்தப் பகுதி வயித்துக்கு வாங்குனது, எந்தப் பகுதி ஊரு வாய்க்கு பயந்து வாங்குனதுன்னு வீட்டுக்காரரும் நீங்களும் ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க. புதுநன்மைக்கு மண்டபம், பிளக்ஸ், பிரியாணி, காது குத்துக்கு செய்முறை, மொய்க்கு பதில் மொய். ஒரு புள்ள நற்கருணைய முதல் முதலா வாங்குற நாள்ல கல்யாண வீடு மாதிரி செலவு பண்ணி, அந்தக் கடன அடைக்க அம்மா அடுத்த ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை பூசைக்கே போக முடியாம ஓடுறது எனக்கு கொஞ்சம் கூட சம்மதம் இல்ல. பைபிள்ல ஓய்வும் கடனும் எப்பவும் ஒன்னாத்தான் வரும், ஏழு வருஷத்துக்கு ஒருக்க கடன தள்ளணும்னு இணைச்சட்டம் 15 சொல்லுது. அம்பதாவது வருஷத்தப் பத்தி லேவியர் 25ல என்ன வருதுன்னா, அவனவன் தன்னோட நிலத்துக்கும் தன்னோட குடும்பத்துக்கும் திரும்பிப் போகணும்னு. திருச்சபையோட ஜூபிலி வருஷம்னு 2025 முழுக்க நாம பேசுனோமே, அதோட அடிப்படை இதுதான், குடும்பத்துக்கு திரும்புறது. அதனால உங்க முதல் வேலை ஜெபமாலை டைம் கண்டுபிடிக்கிறது இல்ல. இனி பெருமைக்காக ஒரு ரூபா கடன் வாங்க மாட்டோம்னு ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவு எடுக்கிறது. அது முடிஞ்சா மிச்சம் கொஞ்சம் கொஞ்சமா வழிக்கு வரும்.

அடுத்து உங்க வாரம். நீங்க நேரமே இல்லைன்னு எழுதிருக்கீங்க, ஆனா கடல் நமக்கு ஒரு கணக்கு வச்சுத்தான் குடுத்திருக்கு. ராமேஸ்வரம் மண்டபம் பக்கம் விசைப்படகுன்னா திங்கள், புதன், சனி, மத்த நாள் நாட்டுப்படகு. அப்போ சனிக்கிழமை போன படகு ஞாயித்துக்கிழமை காலைல கரைக்கு வரும், புதன் போனது வியாழன் காலைல வரும். வியாழக்கிழமை அவர் இறங்குனதும் மீன் குடுத்து கணக்கு முடிச்சு தூங்கி எந்திரிக்கவே சாயங்காலம் ஆயிடும். வெள்ளிக்கிழமைதான் வாரத்துலயே அவர் முழுசா வீட்டுல, கண்ணு முழிச்சு, கரைல இருக்கிற நாள். அந்த ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் உங்க டியூஷன நிப்பாட்டுங்க, புள்ளைங்களோட டியூஷனையும் நிப்பாட்டுங்க. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போதுதான் யூத வீடுகள்ல ஓய்வுநாள் ஆரம்பிக்கும், அம்மா வெளக்கேத்துவாங்க, அப்பா புள்ளைங்கள ஆசீர்வதிப்பாரு, ஆண்டவரும் மாதாவும் சூசையப்பரும் அப்படி ஒரு மக்கள் நடுவுலதான் வாழ்ந்தாங்க. நமக்கு ஓய்வுநாள் ஞாயிறுதான், அத நான் மாத்தச் சொல்லல. ஆனா நாலு பேரும் ஒரே நேரத்துல கூடுற சாயங்காலம் எதுன்னு கேட்டா உங்க வீட்டுக்கு அது வெள்ளிதான். அன்னைக்கு சமையலும் பெருசா வேணாம், கஞ்சியும் கருவாடும் போதும், முக்கியம் நாலு தட்டும் ஒரே நேரத்துல விழணும்.

ஞாயித்துக்கிழமை விஷயத்துல உங்களுக்கு ஒரு குற்ற உணர்ச்சி தெரியுது, வீட்டுக்காரர் கடல்ல இருந்து வந்து அசந்து தூங்குறாரு, நீங்க மட்டும் புள்ளைங்கள இழுத்துக்கிட்டு காலைப் பூசைக்கு ஓடுறீங்க. தெற்க தூத்துக்குடி, குமரிப் பக்கம் நிறைய கத்தோலிக்க ஊர்கள்ல ஞாயிறு தொழிலுக்குப் போறதில்லைன்னு ஊர்க்கட்டுப்பாடே உண்டு, நம்ம பக்கம் நாள் முறை வேற. 1983ல வந்த திருச்சபைச் சட்டத்துல 1247ஆம் எண் என்ன சொல்லுதுன்னா, ஞாயிறு திருப்பலியில பங்கெடுக்கணும், அதோட கடவுள் வழிபாட்டையும் ஆண்டவருடைய நாளுக்கு உரிய மகிழ்ச்சியையும் உடலுக்கும் மனசுக்கும் வேண்டிய ஓய்வையும் கெடுக்குற வேலைகள விடணும். மகிழ்ச்சின்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க பாருங்க, அத நாம யாரும் கவனிக்கிறதே இல்ல. ராத்திரி முழுக்க வலை இழுத்தவர் ஞாயிறு பகல்ல தூங்குறது அந்த ஓய்வுக்குள்ளதான் வரும். பங்குல இல்லாட்டி பக்கத்து ஊர்ல சாயங்காலப் பூசை இருந்தா நாலு பேரும் அதுக்குப் போங்க, ஒரு கட்டாயமும் இல்ல காலைப் பூசைதான்னு. அவர் தூங்கட்டும், நீங்களும் கொஞ்ச நேரம் படுங்க. அம்மா பகல்ல படுத்தா தப்புன்னு நினைக்கிற பழக்கத்த நம்ம வீடுகள்ல இருந்து ஒழிக்கணும்.

பாடகர் குழு, அன்பியம், மகளிர் குழுங்கற விஷயத்துக்கு வர்றேன், இதுல கொஞ்சம் கறாரா பேசுறேன். கோயில் வேலைன்னா எவ்வளவு செஞ்சாலும் புண்ணியம்னு நினைக்கிறோம். 12ஆம் நூற்றாண்டுல புனித பெர்னார்துங்கற துறவி, தன்கிட்ட துறவியா இருந்து பின்னாடி போப்பாண்டவர் ஆன மூன்றாம் யூஜினுக்கு எழுதுனாரு. உங்கள சுத்தி இருக்கிற வேலைங்க உங்கள விடாம இழுத்துக்கிட்டுப் போனா கடைசில மனசு கல்லாயிடும், வலிக்க வேண்டிய வலி கூட உணர முடியாமப் போயிடும்னு. கவனிங்க, அது தப்பான வேலை இல்ல, திருச்சபைய நடத்துற வேலை, அதுவும் போப்பாண்டவருக்கு. 2006 ஆகஸ்ட் 20, பெர்னார்து திருநாள் அன்னைக்கு போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் இதையே எடுத்து எல்லாருக்கும் ஞாபகப்படுத்துனாரு. போப்பாண்டவருக்கே இந்த எச்சரிக்கைன்னா, வாரத்துல நாலு சாயங்காலம் கோயில் கூட்டம்னு போயிட்டு வீட்டுல புள்ளைங்கள போனோட விட்டுட்டு வர்ற அம்மா அப்பாவுக்கு எவ்வளவு பொருந்தும். என் கருத்து, சின்னப் புள்ளைங்க இருக்கிற வீட்டுல ஒரு ஆளுக்கு ஒரு பொறுப்பு, அதுக்கு மேல வேணாம். உங்களுக்கு பாட்டுன்னா உசுருன்னு எழுத்துலயே தெரியுது, பாடகர் குழுவ வச்சுக்கோங்க. அன்பியப் பொறுப்ப ஒரு வருஷத்துக்கு வேற ஆள்கிட்ட குடுங்க, கூட்டத்துக்கு மட்டும் குடும்பத்தோட போங்க. ஃபாதர்கிட்ட நேராப் போய் சொல்லுங்க, "சாமி, புள்ளைங்க பெருசாகுற வரைக்கும் ஒன்னு போதும்"னு. கோவிச்சுக்குவாருன்னு பயப்படாதீங்க, குடும்பத்த வீட்டுத் திருச்சபைன்னு ரெண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லியிருக்கு, அந்தத் திருச்சபைக்கு பங்குத்தந்தை நீங்க ரெண்டு பேரும்தான்.

மார்த்தா மரியா கதைய சொல்லி உங்கள யாராவது திட்டிருந்தா அதயும் ஒதுக்கி வைங்க. மார்த்தா சமைச்சதுக்காக ஆண்டவர் ஒரு வார்த்தை சொல்லல. லூக்கா 10ல அவர் சொன்னது, நீ பலதப் பத்தி கவலைப்பட்டு கலங்கிக்கிட்டு இருக்க, தேவையானது ஒன்னுதான்னு. அதே மார்த்தாதான் யோவான் 11ல சகோதரன் லாசர் செத்த துக்கத்துலயும், நீர் மெசியான்னு நான் நம்புறேன்னு அறிக்கையிட்டவ. யோவான் 12ல மறுபடியும் விருந்துல பரிமாறிக்கிட்டுத்தான் இருக்கா, அப்போ ஆண்டவர் ஒன்னும் சொல்லல. 2021ல இருந்து ஜூலை 29ஆம் தேதிய மார்த்தா, மரியா, லாசர்னு மூணு பேருக்கும் சேர்த்து திருச்சபை கொண்டாடுது, ஒரே வீட்டுல இருந்த மூணு பேரையும் பிரிக்காம. கையில வேலை இருந்தா பரவாயில்ல, மனசு பத்துப் பக்கம் இழுபடாம இருக்கணும்.

ஒரு சாயங்காலம் ஒதுக்குனா போதுமா, அன்னைக்கே யாராவது வந்து கதவ தட்டுவாங்களேன்னு கேப்பீங்க. தட்டுவாங்க. மாற்கு ஆறுல சீடர்கள் சாப்பிடக் கூட நேரமில்லாம இருந்தாங்கன்னு அப்படியே எழுதியிருக்கு, வர்றவங்களும் போறவங்களுமா இருந்தாங்களாம். ஆண்டவர், தனியா ஒரு இடத்துக்கு வந்து கொஞ்சம் இளைப்பாறுங்கன்னு படகுல கூட்டிட்டுப் போறாரு. போய் இறங்குனா ஜனங்க நடந்தே முன்னாடி வந்து நிக்குது. அவர் எரிச்சல் படல, மனசு இரங்கி போதிச்சாரு, அஞ்சாயிரம் பேருக்கு சோறும் போட்டாரு. ஆனா கதை அங்க முடியல. சாப்பாடு முடிஞ்ச கையோட சீடர்கள படகுல ஏத்தி அனுப்பிட்டு, கூட்டத்தையும் அனுப்பிட்டு, அவர் ஜெபிக்க மலைக்குப் போயிட்டாரு. ஓய்வு தள்ளிப் போச்சு, இல்லாமப் போகல. உங்க வெள்ளிக்கிழமையும் அப்படித்தான், ஒரு சாவு விழுந்துச்சா போங்க, ஒரு ஆஸ்பத்திரி விஷயமா போங்க, ஆனா அன்னைக்குப் போனத அந்த வாரத்துக்குள்ளயே வேற ஒரு நாள் எடுத்துக்கோங்க. தள்ளிப்போட்டத கணக்குல வச்சுக்கிறது முக்கியம்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு மீன்பிடி தடைக்காலம், 2017ல இருந்து 61 நாள், அதுக்கு முன்னாடி 45 நாளா இருந்துச்சு. மீன் குஞ்சு பொரிக்கிற காலத்துல கடல விட்டு வைக்கணும்னு போட்ட சட்டம். நிலத்துக்கும் ஏழாவது வருஷம் ஓய்வு குடுன்னு லேவியர்ல சொன்னது நம்ம கண்ணு முன்னாடி கடல்ல நடக்குது. கடலுக்கு ஓய்வு குடுத்துட்டு நாம மட்டும் ஓடுறோம், சில பேர் கேரளா பக்கம் படகுக்குப் போறாங்க, சில பேர் கட்டட வேலைக்கு. அவங்கள குத்தம் சொல்லல, கையில காசு இல்லன்னா என்ன பண்றது. ஆனா பாலைவனத்துல ஜனங்களுக்கு மன்னாங்கற உணவு வானத்துல இருந்து விழுந்த கதைய பாருங்க, ஓய்வுநாளுக்கு முந்தின நாள் ரெண்டு பங்கு சேக்கச் சொன்னாரு கடவுள். சேமிக்கிறது அவநம்பிக்கை இல்ல, ஓய்வுக்கான ஏற்பாடு. மீன்பாடு நல்லா இருக்கிற மாசங்கள்ல, இறாலோ கணவாயோ நல்ல வெலைக்குப் போற நாள்ல, கொஞ்சத்த தடைக்காலத்துக்குன்னே தனியா எடுத்து வைங்க. பாம்பன் சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்குற பொம்பளைங்க நம்மள விட கஷ்டப்படுறவங்க, அவங்களே கூடிப் பேசி மாசத்துக்கு 12 நாள் மட்டும்தான் பாசி எடுக்கிறதுன்னு ஒரு எல்லை வச்சிருந்தாங்க, தடைக்காலத்துல அதுவும் இல்லன்னு. இருக்கிறவங்கதான் போதும்னு சொல்ல முடியும்னு இல்ல, நாளைக்கும் பாசி வேணும்னு நினைக்கிறவங்க சொல்லுவாங்க. அந்த 61 நாள்ல ஸ்கூல் லீவும் சேர்ந்து வருது. ஒரு நாள் கட்டுச்சோறு கட்டிக்கிட்டு ஓரியூர் போயிட்டு வாங்க. அங்க மறைசாட்சியா செத்த புனித அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ, ஒரு இடத்துல உக்காந்து இருந்தவர் இல்ல, மறவ நாடு முழுக்க நடந்தவர், 1686ல புடிச்சு அடிச்சு விரட்டுனதுக்கு அப்பறமும் திரும்ப வந்தவர், 1693 பிப்ரவரி 4ல அந்த மண்ணுலதான் தலை வெட்டுப்பட்டாரு. அவரும் ஓடுனாருதான், யாருக்காகன்னு தெரிஞ்சு ஓடுனாரு. அந்த செம்மண்ணுல புள்ளைங்க உக்காந்து இருக்கும்போது இத சொல்லுங்க, வீட்டுல சொல்றத விட காதுல ஏறும்.

தினசரி ஜெபத்துக்கு வர்றேன். ஜெபமாலையோட 53 மணியும் ஒரே மூச்சுல சொல்லணும்னு நீங்க நினைக்கிறதாலதான் அது மொத்தமா விட்டுப் போச்சு. ஒரு பத்து மணி போதும், விளக்கு வச்ச உடனே, அடுப்பு அணைச்சிட்டு. அவர் கடல்ல இருக்கிற ராத்திரின்னா அவர் பேர சொல்லி, படகுல கூட இருக்கிறவங்க பேரையும் சொல்லி. அப்பறம் ஜெபம்னா முட்டிப் போட்டா மட்டும்தான்னு இல்ல. இணைச்சட்டம் ஆறுல, கடவுளோட வார்த்தைய வீட்டுல இருக்கும்போதும் வழியில நடக்கும்போதும் படுக்கும்போதும் எந்திரிக்கும்போதும் புள்ளைங்ககிட்ட பேசுன்னு இருக்கு. உங்க வீட்டுக்காரர் வலை கட்டும்போது சின்னவன பக்கத்துல உக்கார வைங்க. அப்பா ஊசியில நூல் கோத்து ஒரு கண்ணிய முடிஞ்சு அடுத்த கண்ணிக்குப் போவாரு, பையன் கிழிஞ்ச பக்கத்த ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடிச்சுக்கிட்டு இருப்பான். கை வேலைல இருக்கும், ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேண்டியது இல்ல, அதனால ஸ்கூல்ல நடந்தது, பயந்தது, எவன் அடிச்சான்ங்கறது எல்லாம் தானா வெளிய வரும். ஆண்டவர் யாக்கோபையும் யோவானையும் கூப்பிடும்போது அவங்க செபதேயுவோட படகுல வலைய சரி பண்ணிக்கிட்டுத்தான் இருந்தாங்க. நான் பார்த்த வரைக்கும் நம்ம ஆம்பளைங்க புள்ளைங்ககிட்ட மனசு விட்டுப் பேசுறது அந்த நேரத்துலதான், ஹால்ல உக்காந்து பேசுடான்னா ஒரு வார்த்தை வராது. மூத்தவளுக்கு உங்களோட மீன் கழுவுற நேரம் அப்படி. அந்த நேரத்துல மட்டும் போன உள்ள வச்சிடுங்க, வாட்ஸ்அப் குரூப் எங்கயும் ஓடிப் போகாது.

உங்க கேள்வில ஒரு வரிய நீங்க சும்மா சொல்லிட்டுப் போயிட்டீங்க, அவர் கடலுக்குப் போன ராத்திரி தூக்கம் வராது, அதனால நோட்டு திருத்திக்கிட்டே இருப்பேன்னு. எனக்கு அதுலதான் நீங்க தெரிஞ்சீங்க. கச்சான் காத்து அடிச்சாலும் பயம், இலங்கை நேவி புடிச்சிட்டாங்கன்னு செய்தி வந்தாலும் பயம், நம்ம கரைல இருக்கிற எல்லா வீட்டுலயும் இந்த பயம் உண்டு. பயத்த வேலையால மூடி வைக்கிறோம். திருப்பாடல் 127 இதுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கும், விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நடு ராத்திரி வரைக்கும் பாடுபட்டு சாப்பிடறது வீண், ஆண்டவர் தன்னோட அன்பானவங்களுக்கு தூக்கத்த குடுக்குறாருன்னு வருது. தூங்குறதையும் ஒரு விசுவாச அறிக்கையாத்தான் நான் பாக்குறேன், நான் முழிச்சிருந்தா படகு பத்திரமா இருக்கும்னு நினைக்கிறத விடுறது. புயல்ல படகோட பின்பக்கம் தலையணைல தலை வச்சுத் தூங்குனாரே ஆண்டவர், அந்தப் பகுதிய படுக்கும்போது படிங்க, நோட்ட மூடுங்க. தூக்கம் வரலன்னாலும் படுங்க, இருட்டுல ஜெபமாலையோட அந்த பத்து மணிய சொல்லுங்க. தனியா இருந்து தாங்க முடியலன்னா அதே படகுல போனவரோட வீட்டுப் பொம்பளைய அன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுல படுக்கச் சொல்லுங்க, நம்ம அம்மாமாருங்க அப்படித்தான் இருந்தாங்க.

மூத்தவளோட ஞாயிறு ஸ்பெஷல் கிளாஸ், இதத்தான் கடைசியா வச்சேன், ஏன்னா இதுல ஊரே எதிர்த்து நிக்கும். பத்தாவது முடியற வரைக்கும் பூசைக்கு வரவேணாம்னு நாம ஒரு புள்ளைக்கு சொன்னா, மார்க்குக்கு அப்பறம்தான் கடவுள்னு ஒரு வருஷம் முழுக்க பாடம் நடத்துறோம், அப்பறம் காலேஜ் போய் கோயிலுக்கு வர மாட்டேங்குறான்னு அழுதா என்ன அர்த்தம். 304ல வட ஆப்பிரிக்காவுல அபித்தினாங்கற ஊர்ல கூடி ஜெபிச்சதுக்காக புடிபட்ட 49 பேர் விசாரணைல, ஞாயிறு வழிபாடு இல்லாம எங்களால இருக்க முடியாதுன்னு சொல்லி உயிர விட்டாங்க. நம்மகிட்ட யாரும் உயிரக் கேக்கல, ஒரு காலை நேரத்ததான் கேக்குறாங்க. நீங்களே டீச்சர், ஏழு நாளும் படிக்கிற புள்ளைய விட ஒரு நாள் விட்டுப் படிக்கிற புள்ளைக்கு திங்கக்கிழமை மூளை தெளிவா இருக்கும்னு உங்களுக்கே தெரியும். மாஸ்டர்கிட்ட நீங்க ஒரு ஆளாப் போய் கேட்டா, எல்லாரும் வர்றாங்க உங்க புள்ளைக்கு மட்டும் என்னன்னு திருப்பி அனுப்பிடுவாரு. அதே கிளாஸ்ல படிக்கிற நாலஞ்சு புள்ளைங்களோட அம்மாமாருங்கள கூட்டிக்கிட்டுப் போங்க, நம்ம ஆளுங்க மட்டும்னு இல்ல, முஸ்லிம் வீட்டு அம்மா, இந்து வீட்டு அம்மா எல்லாரும் சேர்ந்து, புள்ளைங்களுக்கு ஒரு நாள் லீவு வேணும் சார், அந்த ரெண்டு மணி நேரத்த சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாத்திக் குடுங்கன்னு கேளுங்க. போறதுக்கு முன்னாடி மூத்தவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க.